பீப்பாயில் எத்தனை கோலி?

ஒரு துணிப்பையில் 5 சிவப்பு, 3 நீலம், 2 பச்சை என்று 10 கோலிகள் இருக்கின்றன. பார்க்காமல் கைவிட்டு ஒன்றை எடுத்தால் அது சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? சிட்னியானாலும் மெல்பர்னானாலும் பள்ளிப் பிள்ளைகள் நிகழ்தகவைத் தொடங்குவது இப்படி ஒரு கேள்வியில்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் பந்துகள் நிறைந்த பைகளுக்குப் பஞ்சமில்லை. விடை ஒரு சின்னப் பின்னம். வேண்டியவற்றின் எண்ணிக்கை மேலே, பையில் உள்ள எல்லாவற்றின் எண்ணிக்கை கீழே. சிவப்புக்கு 5/10, நீலத்துக்கு 3/10, பச்சைக்கு 2/10. மூன்றையும் கூட்டினால் 1. பையில் இல்லாத கறுப்புக்கு 0. எந்த வாய்ப்பும் இந்த 0க்கும் 1க்கும் இடையில்தான் இருக்கும். கணக்குப் போட்டு 1க்கு மேல் வந்தால் எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

நீலமோ பச்சையோ எது வந்தாலும் சரி என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும்: 3/10 + 2/10 = 5/10. பச்சை வரவே கூடாது என்றால் 1இலிருந்து பச்சையைக் கழிக்க வேண்டும்: 8/10. இந்தக் கழித்தல் வழி சிறிய பையில் வேடிக்கையாகத் தோன்றும், பெரிய கணக்குகளில் பக்கம் பக்கமான வேலையை ஒரே வரியில் முடித்துத் தரும்.

பின்னம் எளிது. அதன் அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தவறிப்போகும். கையில் அகப்பட எல்லாக் கோலிகளுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். பையில் மூன்று நிறம்தானே இருக்கிறது, அப்படியானால் சிவப்புக்கு 1/3 என்று சொல்லும் பிள்ளை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. கைக்கு வருவது கோலி. நிறம் அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே எண்ண வேண்டியது கோலிகளை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754இல் தலாம்பெர் என்ற பெரும் கணித மேதையே இதே வகைப் பிழையைச் செய்தார். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன என்பது கேள்வி. முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் பூ-தலை அல்லது பூ-பூ. ஆக மூன்று வழி, அதில் இரண்டு சாதகம், எனவே 2/3 என்று அவர் வாதிட்டார். அந்த மூன்று வழிகளுக்கும் சம எடை கிடையாது. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கையும் பிரித்து எழுதினால்தான் சமம் வரும். சரியான விடை 3/4. ஆஸ்திரேலியாவின் 'டூ-அப்' ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது புத்தகமே தேவைப்படாத செய்தி. இரண்டு பென்னிகளை ஒரு மரத்துண்டில் வைத்து மேலே எறிவார்கள். இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்றுக்கொன்று மாறு என மூன்று முடிவுகள் உண்டு. மாறு விழுவதுதான் பாதிக்குப் பாதி. மற்ற இரண்டுக்கும் கால் காலே. முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள் ஆடி, இன்றும் ஏப்ரல் 25 ஆன்சாக் நாளில் நியூ சவுத் வேல்ஸ் மதுக்கடைகளின் முற்றத்தில் ஆடப்படும் ஆட்டம் இது. அந்தக் கூட்டத்தில் எவர் வேண்டுமானாலும் தலாம்பெரைத் திருத்தியிருப்பார்.

பையிலிருந்து ஒரு கோலிக்குப் பதில் இரண்டை எடுத்தால் ஒரு புதிய கேள்வி எழும். முதல் கோலியைத் திரும்பப் பையில் போட்டார்களா, இல்லையா? போட்டுக் குலுக்கினால் பை பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இரண்டும் சிவப்பாக வர 5/10 × 5/10, அதாவது நான்கில் ஒன்று. போடாவிட்டால் இரண்டாவது கை நுழையும்போது பையில் இருப்பது 9 கோலி, அதில் சிவப்பு 4. கணக்கு 5/10 × 4/9 = 2/9 ஆகிறது. 25 விழுக்காடு 22ஆகக் குறைந்துவிட்டது. திரும்பப் போடாத பை தன்னிடமிருந்து எது போனது என்பதை நினைவு வைத்திருக்கும். திரும்பப் போட்ட பைக்கு நினைவே கிடையாது. நிகழ்தகவில் மக்கள் செய்யும் தவறுகளில் பாதி, எந்தப் பை எது என்று பார்க்காததால் வருபவை.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான சந்தேகம் வரும். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பப் போடாமல் எடுத்தால், முதலில் எடுப்பவருக்குத்தானே சிவப்பு கிடைக்க அதிக வாய்ப்பு? இல்லை. முதலாமவருக்குச் சிவப்பு வந்திருந்தால் இரண்டாமவரின் கணக்கு 5/10 × 4/9 = 20/90. முதலாமவருக்கு வேறு நிறம் வந்திருந்தால் 5/10 × 5/9 = 25/90. கூட்டினால் 45/90, சரிபாதி. முதலாமவர் கையில் என்ன வந்தது என்று காட்டாதவரை, இரண்டாவதாக எடுத்தாலும் பத்தாவதாக எடுத்தாலும் வாய்ப்பு ஒன்றே. குலுக்கல் வரிசையில் முன்னால் நிற்க இடித்துக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை.

நிறங்களை வைத்து நடக்கும் குலுக்கலை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் ஏதாவது ஓர் ஆர்.எஸ்.எல். (முன்னாள் படையினர் சங்க) கிளப்பில் 'மீட் ட்ரே ராஃபிள்' நடக்கும் மாலையில் போய் உட்காரலாம். பரிசு ஒரு தட்டு இறைச்சி: ஸ்டேக், சாசேஜ், ஆட்டுக்கறித் துண்டுகள், மேலே இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் தாள். சீட்டுப் புத்தகங்கள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பல நிறத்தில் வரும். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஒரு பாதியைக் கிழித்து வாங்கியவரிடம் தருவார்கள், மறுபாதி பீப்பாய்க்குள் போகும். முடிவைச் சொல்பவர் முதலில் நிறத்தைச் சொல்வார், பிறகு எழுத்து, கடைசியில் எண். "நீலம்... சி... நாற்பத்து... ஏழு!"

நான்கு நிறத்திலும் நிறத்துக்கு 100 வீதம் 400 சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் நீலச் சீட்டு மூன்று: சி-46, சி-47, சி-48. சொல்லத் தொடங்கும் முன் அவர் வாய்ப்பு 3/400, நூற்றில் ஒன்றுகூட இல்லை. "நீலம்" என்றவுடன் மற்ற மூன்று நிறமும் கணக்கிலிருந்து கழன்றுவிடும்; அவர் வாய்ப்பு 3/100. நீலப் புத்தகம் முழுதும் 'சி' என்பதால் எழுத்து புதிதாக எதையும் சொல்வதில்லை. "நாற்பத்து" என்ற சொல் வந்ததும் 40 முதல் 49 வரையான பத்துச் சீட்டுகளே மிச்சம்; வாய்ப்பு 3/10. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது இந்த நொடியில்தான். மேலே உள்ள 3 கடைசிவரை மாறவே இல்லை. கீழே உள்ள எண்தான் 400, 100, 10 என்று சுருங்கிக்கொண்டே வந்தது. புதிய தகவல் வரும்போது பகுதி சுருங்கும், பாடநூல் இதைத்தான் நிபந்தனை நிகழ்தகவு என்று தலைப்பிட்டுச் சொல்கிறது. சிவப்புச் சீட்டு வைத்திருந்தவருக்கோ முதல் சொல்லிலேயே எல்லாம் முடிந்தது.

இங்கே எண்ண வேண்டியது விற்ற சீட்டுகளை, அச்சடித்த சீட்டுகளை அல்ல. கூட்டம் குறைந்த மழைநாளில் 400 சீட்டில் 120தான் விற்றிருந்தால் அதே மூன்று சீட்டுக்கு 3/120 வாய்ப்பு, மூன்று மடங்குக்கும் மேல். கிளப்புக்கு நஷ்டமான நாள் சீட்டு வாங்கியவருக்கு நல்ல நாள்.

ஒரே பீப்பாயிலிருந்து ஐந்து தட்டுகளுக்கு ஐந்து சீட்டு எடுக்கிறார்கள், எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. உள்ளே 100 சீட்டு, ஒருவருடையது 3. ஒரு தட்டாவது கிடைக்க வாய்ப்பு? நேர்வழியில் போனால் ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். கழித்தல் வழியில் ஒன்றுமே கிடைக்காத வாய்ப்பைப் பார்த்தால் போதும்: 97/100 × 96/99 × 95/98 × 94/97 × 93/96. மேலும் கீழும் அடித்துவிட்டால் 0.856 வரும். 1இலிருந்து கழித்தால் 0.144, ஏறக்குறைய ஏழில் ஒன்று. ஐந்து முறை 3/100 என்று வாய்க்கணக்காக 15 விழுக்காடு சொல்பவர் மிகவும் தவறிவிடவில்லை. அவர் கூட்டுத்தொகையில் ஒரே ஆள் இரண்டு தட்டு தூக்கிப் போகும் நேரங்கள் இரட்டையாக எண்ணப்பட்டுவிட்டன. அதுதான் அந்தச் சிறு வேறுபாடு.

இறைச்சித் தட்டுக்காக இல்லாமல் உயிருக்காகவும் மெல்பர்னில் ஒரு பீப்பாய் சுழன்றது. 1964 நவம்பரில் பிரதமர் மென்சிஸின் அரசு கட்டாயத் தேசியப் படைப்பணித் திட்டத்தை அறிவித்தது. 20 வயதாகும் ஆண்கள் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் அனைவரும் ராணுவத்துக்குத் தேவைப்படவில்லை. யாரை எடுப்பது என்பதைப் பிறந்தநாள் குலுக்கலுக்கு விட்டார்கள். ஆண்டுக்கு இருமுறை, அரையாண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் எண்ணிட்ட கோலி பீப்பாய்க்குள் போகும். முதல் குலுக்கல் 1965 மார்ச் 10 அன்று நடந்தது. 1945 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பிறந்தவர்கள் அதில் அடக்கம். அந்த ஆறு மாதங்களில் நாட்கள் 181. கோலி வெளியே வந்த தேதியில் பிறந்தவர்கள் அழைப்புக்கு உரியவர்கள். உள்ளேயே தங்கிவிட்ட தேதிக்காரர்கள் தப்பினார்கள்.

இந்தப் பீப்பாயில் சிவப்பு, நீலம் கிடையாது. ஆனால் கணக்கு அதேதான். 181இல் 60 கோலி எடுக்கப்படும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஓர் இளைஞனின் தேதி வர வாய்ப்பு 60/181, மூன்றில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்கள், பிறந்தநாள் வேறு வேறு. இருவர் தேதியும் வர 60/181 × 59/180, அதாவது சுமார் 0.11. இருவருமே தப்ப 121/181 × 120/180, சுமார் 0.45. ஒருவர் போய் ஒருவர் தங்கவும் மிச்சமுள்ள 0.45. இரட்டைப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு கோலி கிடையாது, ஒன்றுதான். இருவருக்கும் அழைப்பு வர வாய்ப்பு 0.33, நண்பர்களைப் போல மூன்று மடங்கு. பிரிந்து போகும் வாய்ப்பு 0. பீப்பாயில் இருந்தது ஆட்கள் அல்ல, நாட்கள். தாய்மார் இருவர், ஒவ்வொருவர் வீட்டிலும் இரண்டு மகன்கள், ஒவ்வொரு மகனுக்கும் அதே மூன்றில் ஒன்று. ஆனாலும் இரட்டையரைப் பெற்ற தாயின் முன் நின்ற ஆபத்தின் வடிவம் வேறு. தனித்தனி வாய்ப்புகளை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

தேதி வந்தவர்கள் எல்லாரும் சீருடை அணியவில்லை. உடல் தகுதித் தேர்வு, படிப்புக்காகத் தள்ளிவைப்பு, மனச்சாட்சியின் பேரில் மறுப்பு என்று வடிகட்டிகள் பின்னால் இருந்தன. 1972 வரை பதிவு செய்தவர்கள் 8,04,286 பேர். படையில் பணியாற்றியவர்கள் 63,735 பேர். வகுத்தால் 0.079, பதிமூன்று பேருக்கு ஒருவர். தேதி வர இருந்த வாய்ப்பும், கடைசியில் படைக்குப் போக இருந்த வாய்ப்பும் இரண்டு வெவ்வேறு பின்னங்கள். அன்றைய விவாதங்களில் அரசுத் தரப்பு சின்ன எண்ணைச் சொல்வதும் எதிர்த்தரப்பு பெரிய எண்ணைச் சொல்வதும் எளிது. இரண்டும் அதனதன் பகுதிக்கு உண்மை. 15,000க்கும் மேற்பட்ட கட்டாயப் படையினர் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டார்கள், சுமார் 200 பேர் திரும்பவில்லை. 1965இல் சிட்னியில் தாய்மார்கள் தொடங்கிய 'சேவ் அவர் சன்ஸ்' இயக்கம் கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்லவில்லை. இப்படி ஒரு கணக்கே கூடாது என்றது. 1972 டிசம்பரில் விட்லம் பிரதமரான கையோடு திட்டம் நிறுத்தப்பட்டது.

கணக்கிலேயே பிழை நேர்ந்தது அமெரிக்காவில். அங்கேயும் வியட்நாம் போருக்காக 1969 டிசம்பர் 1 அன்று பிறந்தநாள் குலுக்கல் நடந்தது. 366 தேதிகளும் தனித்தனிக் குப்பிகளில். முதலில் வந்தது செப்டம்பர் 14. எல்லாத் தேதிகளும் எடுக்கப்பட்டு 1 முதல் 366 வரை வரிசை எண் பெற்றன. சின்ன எண்காரர்கள் முதலில் போக வேண்டும். கடைசியில் அழைப்பு 195ஆம் எண்ணோடு நின்றது. அப்படியானால் 171 தேதிகள் தப்பின. டிசம்பரில் 31 நாள். நியாயப்படி 31 × 171/366, சுமார் 14 நாட்கள் தப்பியிருக்க வேண்டும். தப்பியவை 5. காரணம் விதியல்ல, சோம்பல். குப்பிகளை மாத வரிசைப்படி பெட்டியில் போட்டிருந்தார்கள், கடைசியாகப் போன மாதங்கள் சரியாகக் கலக்கவில்லை. பின்னத்தின் மேலும் கீழும் உள்ள எண்கள் சரி. சம வாய்ப்பு என்ற அடித்தளம்தான் இல்லை. அடுத்த ஆண்டுக் குலுக்கலில் தேதிகளுக்கு ஒரு பீப்பாய், வரிசை எண்களுக்கு ஒரு பீப்பாய் என்று இரண்டு வைத்தார்கள்.

இரண்டு பாத்திரம் வைக்கும் யோசனை தமிழர்களுக்குப் பழையது. காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை, ஊர் நிர்வாகத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது என்ற தகுதிகள் உள்ளவர்களின் பெயர்கள் மட்டும் ஓலையில் எழுதப்படும். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் ஒரு கட்டாகக் குடத்துக்குள் போகும். சபை கூடியிருக்க, நம்பிமாரில் (கோயில் அர்ச்சகர்களில்) மூத்தவர் எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டு வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான், பிறகு நம்பிமாரும் வாசிப்பார்கள். விரல் இடுக்கில் ஓலை மறைத்துவைக்கும் வித்தையை அந்த ஊர் கண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல்களை விரிக்கச் சொல்லும் அவசியம் என்ன?

இந்த முறையில் எல்லாப் பெயருக்கும் சம வாய்ப்பு கிடையாது. எட்டுப் பேர் தகுதி பெற்ற குடும்பில் ஒருவருக்கு 1/8, மூன்று பேரே உள்ள குடும்பில் 1/3. குடும்புக்கு ஒருவர் உறுதி என்பதே ஏற்பாட்டின் நோக்கம்; சமத்துவம் குடும்புகளுக்கு இடையில். குடத்துக்குள் யார் பெயர் போகும் என்பதோ நிலமும் வேதமும் பார்த்து முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பின்னத்தின் கீழ் எண்ணை எழுதியது சிறுவனின் கையல்ல.

ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையமும் இன்று இரண்டு சுற்றுக் குலுக்கல்தான் நடத்துகிறது. வாக்குச்சீட்டில் யார் பெயர் எங்கே வரும் என்பதை முடிவு செய்ய, வேட்புமனு முடிந்ததும் எல்லாரும் பார்க்கக் கண்ணைக் கட்டிய ஒருவர் எண்ணிட்ட பந்துகளை எடுப்பார். முதல் சுற்றில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் அல்லது குழுவுக்கும் ஓர் எண் கிடைக்கும். பந்துகள் மறுபடி உருட்டப்பட்டு, இரண்டாம் சுற்றில் எண்கள் வரும் வரிசையே சீட்டின் வரிசை. ஒரு குலுக்கல் ஒழுங்காக நடந்தாலே போதுமே, இரண்டாவது எதற்கு? இரண்டில் ஏதாவது ஒன்று முழுக்கக் கலந்திருந்தால் போதும், மற்றது எவ்வளவு மோசமாக இருந்தாலும் முடிவு சமவாய்ப்பாகவே இருக்கும். இரண்டும் ஒரே நாளில் சொதப்ப வேண்டும் என்றால்தான் ஆபத்து. அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டுப் பெட்டிக்கு அந்தக் காப்பு இல்லை.

இத்தனை கவனத்துக்குக் காரணம் உண்டு. வாக்களிப்பது கட்டாயமான நாட்டில், ஆர்வமில்லாமல் வந்து மேலிருந்து கீழே 1, 2, 3 என்று எழுதிவிட்டுப் போவோர் இருக்கிறார்கள். அதற்குக் 'கழுதை வாக்கு' என்று பெயர். முன்பு செனட் சீட்டில் அகர வரிசை செல்லுபடியான காலத்தில், 1937இல் நியூ சவுத் வேல்ஸ் தொழிற்கட்சி அமூர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி என்ற நால்வரை நிறுத்தியது. நால்வரும் வென்றார்கள். முதலிடம் கிடைக்க அவர்களுக்கு இருந்த வாய்ப்பு ஏறக்குறைய 1. அதில் குலுக்கலே இல்லை. 1940இல் குழுக்களின் வரிசை குலுக்கலுக்கு வந்தது. கீழவை வேட்பாளர்களுக்கு 1984 தேர்தலுக்கு முன்பு வரை அகர வரிசைதான். குலுக்கல் வந்தாலும் முதலிடத்தின் மவுசு போய்விடவில்லை. 2013இல் நியூ சவுத் வேல்ஸ் செனட் சீட்டில் 44 குழுக்கள். முதல் இடம் லிபரல் டெமாக்ரட்ஸ் என்ற சிறு கட்சிக்கு விழுந்தது, வாய்ப்பு 1/44. பெரிய லிபரல் கட்சியோடு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ள, 9.5 விழுக்காடு வாக்கும் ஓர் இடமும் கிடைத்தன.

லாட்டோவுக்கும் இதே பை. சிட்னியில் 1881இல் ஜார்ஜ் ஆடம்ஸ் தொடங்கிய டாட்டர்சால்ஸ் லாட்டரி பல ஊர் மாறி 1954இல் மெல்பர்னுக்கு வந்தது. 1972இல் டாட்ஸ்லாட்டோ பிறந்தது. இன்றைய சனிக்கிழமை ஆட்டத்தில் 45 பந்து, முதல் பரிசுக்கு எடுப்பது 6, எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. ஒரு வரிசையில் குறித்த ஆறு எண்ணும் வர: 6/45 × 5/44 × 4/43 × 3/42 × 2/41 × 1/40. பெருக்கினால் 81,45,060இல் ஒன்று. வியாழக்கிழமை பவர்பாலில் 35இலிருந்து 7, தனியாக 20இலிருந்து 1. வாய்ப்பு 13,44,90,400இல் ஒன்று. துணிப்பையில் 5/10 × 4/9 போட்டவர் இதையும் போடலாம். கை வலிக்கும், அவ்வளவுதான்.

"இந்த எண் வந்து ரொம்ப நாளாச்சு, இந்த வாரம் வந்தே தீரும்" என்று எண் தேர்ந்தெடுப்பவர்கள் சிட்னியிலும் உண்டு, ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து பெண்டில் ஹில் வரை ரயிலில் பேச்சு கேட்டால் தெரியும். ஒரே குலுக்கலுக்குள் பை நினைவு வைத்திருக்கிறது: 17 ஒருமுறை வந்துவிட்டால் அன்று இரவு மறுபடி வராது. அடுத்த சனிக்கிழமை 45 பந்தும் திரும்ப உள்ளே போகும்போது அந்த நினைவு அழிந்துவிடுகிறது. பத்து வாரமாக வராத பந்துக்கும் போன வாரம் வந்த பந்துக்கும் அதே 6/45. திரும்பப் போடாத பையின் நியாயத்தைத் திரும்பப் போட்ட பைக்குப் பொருத்தியதே குழப்பம்.

மேல் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் பின்னம் 1ஐ நெருங்கும் அல்லவா? அதைச் செய்துபார்த்தவர் ஸ்டெஃபான் மாண்டெல், ருமேனியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய கணக்காளர். மெல்பர்னிலிருந்து இயங்கிய அவருடைய கூட்டு, 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியைக் குறிவைத்தது. 44இலிருந்து 6 எண். மொத்தச் சேர்க்கைகள் 70,59,052. ஒரு சீட்டு ஒரு டாலர். சேர்ந்திருந்த பரிசு 2.7 கோடி டாலர் அளவில். எல்லாச் சீட்டையும் வாங்கினால் தோற்க வழியே இல்லை, வேறு யாரும் அதே எண்ணை எடுத்துப் பரிசைப் பங்கு போடாதவரை. முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, கட்டுக் கட்டாகப் படிவங்களை அச்சடித்து அனுப்பினார்கள். கடைகளில் சீட்டு அடிக்கும் இயந்திரங்களின் வேகத்துக்கு நேரம் போதவில்லை. கெடு முடிந்தபோது கையில் இருந்தவை சுமார் 50 லட்சம் சீட்டுகள். பின்னம் 50/70.6, சுமார் 0.71. மிச்சம் 0.29, பத்தில் மூன்று முறை மொத்தப் பணமும் ஏறக்குறைய முழுதாக மூழ்கியிருக்கும். அந்த வாரம் வென்ற சீட்டு அவர்களிடம் இருந்த கட்டில்தான் இருந்தது.